அம்புலன்ஸ் வந்தது, டயர் யார் வாங்குவது?

களுபோவில ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும் 'சுவசெரிய' அம்புலன்ஸுக்கு நோயாளி ஒரு சதமும் கொடுப்பதில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் போதும். 2016 ஜூலையில், இந்தியா நன்கொடையாகத் தந்த ஏறத்தாழ 75 இலட்சம் டொலரில், இலங்கையின் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு தொடங்கிய சேவை இது. பின்னர் மேலும் ஒன்றரைக் கோடி டொலர் வந்தது. 2018 இல் யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்த அடுத்த கட்டத்தோடு வண்டிகள் 297 ஆகி, நாடு முழுக்கப் பரவின.

அம்புலன்ஸ் நோய்க்குத்தானே, வறுமைக்கு என்ன செய்யும் என்று கேட்கலாம். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். அந்த வாசல் வரை போய்ச் சேரத்தான் காசு வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை நடுச்சாமத்தில் ஏற்றிப்போக வான்காரர் கேட்பதைக் கொடுக்க, நாட்கூலிக் குடும்பம் கைமாற்று வாங்கும். இல்லையென்றால் தோடு அடகுக்குப் போகும். வருத்தம் மாறினாலும் வட்டி மாறாது. அந்தக் கடனை வராமலே தடுப்பது வறுமைக் குறைப்புத்தான். இதன் பக்கத்தில் மத்தளை விமான நிலையத்தை வைத்துப் பாருங்கள். அதற்குச் சீன எக்ஸிம் வங்கி தந்தது 19 கோடி டொலர் கடன். 2013 இல் திறந்த பிறகும் அங்கே விமானங்கள் அரிதாகவே இறங்கின. இரண்டையும் 'வெளிநாட்டு உதவி' என்று ஒரே பெயரில் அழைப்பதில்தான் நம் குழப்பம் தொடங்குகிறது.

இந்த அம்புலன்ஸ் வண்டிகள் உளவு பார்க்க வருகின்றன என்று அன்று எதிர்ப்பும் எழுந்தது. பயம் மிகை, ஆனால் அதன் அடியில் இருந்த சந்தேகத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. முதலில் சேவையை நடத்தியது ஓர் இந்திய நிறுவனம், பயிற்சி நடந்ததும் ஹைதராபாத்தில். கொடுத்த காசில் ஒரு பங்கு கொடுத்தவர் ஊருக்கே திரும்புவது உலகெங்கும் உள்ள வழக்கம். 2018 இல் தனிச் சட்டம் இயற்றி, சுவசெரிய மன்றத்திடம் பொறுப்பை ஒப்படைத்ததால்தான் சேவை நமதானது. உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. வண்டி ஒருமுறைதான் வரும். டீசலும் சம்பளமும் ஒவ்வொரு நாளும் வேண்டும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் சில இடங்களில் இச்சேவையே தடைப்பட்டது. திறப்பு விழாவுக்கு எந்தத் தூதுவரும் வருவார். தேய்ந்த டயரை மாற்ற விழா எடுப்பார் இல்லை. ஆகவே அடுத்த நன்கொடையில் கையெழுத்திட முன், பத்து வருடப் பராமரிப்புக்கு எங்கிருந்து காசு வருமென்று அரசாங்கம் பாராளுமன்றத்தில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் வாங்கக்கூடாது.