கருவி காட்டும் கோடும் கம்பம் பள்ளத்தாக்கின் மலைகளும்

1971 டிசம்பர் 9-ஆம் நாள், மதுரையில் இறங்க வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் ஒன்று சின்னமனூர் அருகே மலையில் மோதியது. அதிலிருந்த 31 பேரில் 21 பேர் மாண்டனர். பகல் நேரந்தான், ஆனால் பார்வைத் தெளிவு குறைந்திருந்தது. மதுரை விமான நிலையத்துக்கு இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் இருந்தது.

'எங்கே இருக்கிறேன்? இன்னும் எவ்வளவு தூரம்?' என்னும் இரு வினாக்களுக்கும் இன்று விமானத்திலுள்ள ஜி.பி.எஸ். கருவி நொடியில் விடை தருகிறது. ஆகவே இத்தகைய விபத்துக்கு இனி இடமில்லை என்பர் சிலர். இக்கூற்றில் பாதிதான் உண்மை.

முதல் வினாவுக்குரிய விடை வானிலிருந்து வருகிறது. நான்கு செயற்கைக்கோள்களின் குறிப்பலைகள் கிடைத்தால் இருப்பிடமும் உயரமும் தெரிந்துவிடும். இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த ககன் அமைப்பு, 2013 டிசம்பரில் சான்று பெற்றது. இருப்பிடப் பிழையைச் சில மீட்டருக்குள் அடக்கிவிடுகிறது. இரண்டாம் வினா அப்படியன்று. செல்ல வேண்டிய இடத்தை, அதாவது வழிப்புள்ளியை, மனிதரே கருவிக்குச் சொல்ல வேண்டும். கருவி தவறாக வழிகாட்டினால் முதலில் செயற்கைக்கோளையும் ஆன்டெனாவையும் சந்தேகிப்பது வழக்கமாகிவிட்டது. முதலில் ஆராய வேண்டியது வழிப்புள்ளியையே என்பது என் கருத்து.

வாசகர்களே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தேனி நகரம் ஏறத்தாழ வடக்கு 10.01 பாகை, கிழக்கு 77.48 பாகையில் உள்ளது. கருவி பாகையையும் நிமிடத்தையும் எதிர்பார்க்கும் அமைப்பில் இருக்க, ஒருவர் 77 பாகை 48 நிமிடம் என்று பதித்துவிடுகிறார். ஒரு பாகைக்கு 60 நிமிடம் அல்லவா? 48 நிமிடம் என்பது 0.80 பாகை. புள்ளி 35 கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்து உசிலம்பட்டிக்கு அருகே போய்விடும்! இதே பிழை தலைகீழாக நேர்ந்தால் இன்னும் கொடிது. தேனியின் 77 பாகை 29 நிமிடத்தை 77.29 பாகை என்று பதித்தால், புள்ளி 21 கிலோமீட்டர் மேற்கே விலகி, போடிக்கும் அப்பால் மலைப்பக்கம் சேரும். விமான தளமே இல்லாத இம்மாவட்டத்துக்கு வரும் ஹெலிகாப்டர் விமானி, இப்படித் தாமே எண்களைப் பதித்துத்தான் புள்ளி அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இங்கே கருவியை அமைத்தவர்களையும் குறை கூறாமல் இருக்க முடியவில்லை. தவறான எண்ணையும் அது மறுப்பின்றி ஏற்கிறது. அங்கே செல்லும் கோட்டையும் தசமப் புள்ளி மாறாத துல்லியத்துடன் வரைகிறது. அந்தத் துல்லியமே நம்மை ஏமாற்றுகிறது.

1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவில், கம்பம் பள்ளத்தாக்கைப் போலவே இருபுறமும் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு வழியே காலி நகருக்கு ஓர் அமெரிக்க விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. ரோசோ என்ற வானொலி நிலையத்துக்குச் செல்ல எண்ணி, அதன் முதலெழுத்தான 'ஆர்' மட்டும் பதிக்கப்பட்டது. கணினி தேர்ந்ததோ பொகோட்டா அருகிலிருந்த ரோமியோ! அங்கு ஜி.பி.எஸ். இல்லைதான், ஆனால் வழிப்புள்ளிப் பட்டியல் இருந்தது. விமானம் இடப்புறம் திரும்பி மலையை நோக்கிச் சென்றது. எச்சரிக்கை ஒலித்தபோது மேலேறப் போதிய நேரமில்லை. 163 பேரில் 159 பேர் இறந்தனர். விமானிகளின் பிழையே முதற்காரணம் என விசாரணை கூறியது. தொலைவிலிருக்கும் நிலையத்தை ஒற்றை எழுத்துக்கு விடையாக முதலில் நிறுத்திய பட்டியலைப் பற்றி என்ன சொல்வது?

வேறொரு சிறு கோளாறும் உண்டு. ஒரு புள்ளியைக் கடந்த பின்னும் கருவி அடுத்ததற்கு மாறாமல் நிற்கும். பெரும்பாலும் அது பழுதன்று, ஓ.பி.எஸ். என்ற நிலையில் வைத்துவிட்டு மீட்காததே காரணம்.

ஆயினும், புள்ளி சரியா என்று அறியப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. புறப்படுமுன் நிலப்படத்தில் தூரத்தையும் திசையையும் அளந்து, கருவி காட்டுவதோடு ஒப்பிட்டால் போதும். மதுரை விமான நிலையத்திலிருந்து தேனி நேர்கோட்டில் சுமார் 70 கிலோமீட்டர். முதலிற் சொன்ன பிழை நேர்ந்திருந்தால் கருவி 38 என்று காட்டும். இரண்டாவது நேர்ந்திருந்தால் 90.