செங்கல்பட்டு பிசிஜி ஆய்வு: ஒரே அறிக்கையில் இரண்டு விதமான ‘இல்லை’

போன மாதம் சித்தப்பா ஒரு வாட்ஸப் செய்தியை அனுப்பியிருந்தார். செங்கல்பட்டில் லட்சக்கணக்கான பேருக்கு பிசிஜி ஊசி போட்டுப் பார்த்தார்கள், டிபியைத் தடுக்கவில்லை என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டது, இன்னமும் பச்சைக் குழந்தைக்கு அதைத்தான் குத்துகிறார்கள் என்பது சாரம். அவர் பேத்திக்குப் பிறந்தபோது எடை கம்மி என்று ஊசியைத் தள்ளி வைத்திருந்தார்கள். "இது நம்ம பழைய ஜில்லாதானேப்பா, நெசமா?" என்று கேட்டார்.

நிஜம்தான். அதனால்தான் பதில் சொல்ல இரண்டு நாள் ஆனது. முழுப்பொய் என்றால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கியது அந்த ஆய்வு. பதிவு செய்யப்பட்டவர்கள் 3,66,625 பேர். அவர்களில் 2,81,161 பேருக்கு பிசிஜியோ மருந்தில்லாத போலி ஊசியோ, யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் போடப்பட்டது. யாருக்கு எது விழுந்தது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. டேனிஷ், பாரிஸ் என்று இரண்டு ரகத் தடுப்பூசி, 0.1 மி.கி., 0.01 மி.கி. என்று இரண்டு அளவு. ஏழரை வருட முடிவு 1979இல் வெளிவந்தது. சென்னையில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையம் பதினைந்து வருட முடிவை 1999இல் வெளியிட்டது. பிரிட்டனில் 1950இல் தொடங்கிய ஆய்வில், பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம், இதே பிசிஜி 80%க்குப் பக்கத்தில் பாதுகாப்பு தந்திருந்தது. இங்கே பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று வந்தது. குழந்தைகளுக்கு 27%, அதன் 95% நம்பிக்கை இடைவெளி மைனஸ் 8 முதல் 50 வரை.

என் குறையெல்லாம் இந்தக் கடைசி வரியைப் படிக்கிற விதத்தில்தான். இடைவெளிக்குள் பூஜ்யம் வந்துவிட்டது, ஆகவே பலன் இல்லை என்று படிக்கிறார்கள். வாட்ஸப்காரரை விடுங்கள். பிஇ படித்தபோது நாங்களே அப்படித்தான் எழுதினோம்: "இன்மைக் கருதுகோள் ஏற்றுக்கொள்ளப்படுகிறது", கீழே ஒரு கோடு, ஐந்து மார்க். ‘நிராகரிக்கப் போதுமான சான்று இல்லை’ என்பதும் ‘ஏற்றுக்கொள்ளப்படுகிறது’ என்பதும் ஒன்றில்லை என்று சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை.

காஞ்சிபுரத்தில் இதை விளக்குவது சுலபம். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். நல்ல ஜரிகையைப் போலி என்று திருப்பி அனுப்பிவிட்டால் அது முதல் வகைப் பிழை. போலியை நல்லது என்று எண்ணி நெய்துவிட்டால் இரண்டாம் வகை. வந்த சரக்கில் நூற்றுக்கு இத்தனைதான் போலி என்று வியாபாரி சொன்னால், நாம் நாலு கட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு "போலி எதுவும் படலையே" என்கிறோம். படாதது சரக்கின் சுத்தமா, நாம் பார்த்தது நாலே கட்டு என்பதாலா?

ஆகவே எந்த ‘இல்லை’க்கும் கேட்க வேண்டிய கேள்வி, இருந்திருந்தால் இந்தச் சோதனை பிடித்திருக்குமா என்பது. இதைத்தான் சோதனையின் திறன் என்கிறார்கள். செங்கல்பட்டு எண்களை வைத்து அதை நானே போட்டுப் பார்த்தேன்.

முதலில் மொத்தக் கணக்கு. தொடக்கத்தில் தொற்று இல்லாத 1,09,873 பேரில், பதினைந்து வருடத்தில் நோய் வந்தது 560 பேருக்கு. விகிதம் 0.51%. ஆயிரம் பேரை மட்டும் எடுத்திருந்தால் ஐந்து நோயாளிதான் கிடைத்திருப்பார்கள், அதை வைத்து எதுவும் பேச முடியாது. லட்சம் பேர் தேவைப்பட்டது இதனால்தான். போலி ஊசி, இரண்டு அளவுகள் என மூன்று குழுக்களிலும் நோய் ஏறக்குறைய ஒரே மாதிரி என்கிறது அறிக்கை. குழுவுக்குச் சுமார் 187 என்று வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் கண்ட அளவு பலன் இங்கேயும் இருந்திருந்தால், முழு அளவு ஊசி போட்ட குழுவில் 37தான் வந்திருக்கும். 187க்கும் 37க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலால் மறைந்துபோக வழியே இல்லை. வெறும் 30% பலன் என்றாலும் 131. அதைக்கூட பத்துக்கு ஒன்பது தடவை இந்த ஆய்வு பிடித்திருக்கும். பெரியவர்கள் தனியே என்றால் எண்கள் கொஞ்சம் குறையும், ஆனாலும் அந்த ‘இல்லை’ கனமான ‘இல்லை’. பிசிஜியை ஆதரிப்பவர்கள் சிலர் ஆய்வில் ஏதோ தப்பு என்று தள்ளப் பார்ப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த அளவில் இப்படி நடத்தப்பட்ட ஆய்வை, முடிவு பிடிக்கவில்லை என்பதற்காகத் தள்ள முடியாது.

குழந்தைகள் கதை வேறு. மைனஸ் 8 முதல் 50 என்ற இடைவெளியிலிருந்து பின்னோக்கிப் போனால் திட்டப்பிழை கிடைக்கும் (விகிதத்தின் மடக்கையில் சுமார் 0.2). p மதிப்பு 0.11க்குப் பக்கம் வருகிறது. உண்மையிலேயே 30% பாதுகாப்பு இருந்தால் இந்தத் துல்லியம் அதைப் பிடிக்கும் வாய்ப்பு 44%தான். அதாவது இரண்டாம் வகைப் பிழைக்கு 56%. காசைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம் மோசம்! இந்த ‘இல்லை’யை அந்த ‘இல்லை’யோடு ஒரே வரியில் சேர்த்து ‘பிசிஜி தோற்றது’ என்று எழுதுவது அநியாயம். அறிக்கை அப்படிச் சொல்லவும் இல்லை. ‘குறைந்த அளவுப் பாதுகாப்பு’ என்று இடைவெளியோடுதான் சொல்கிறது. சுருக்கிச் சொன்னவர்கள் இடைவெளியை விட்டுவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், எதை அளந்தார்கள் என்பது. அந்த ஆய்வு தேடியது கிருமி தெரியும் நுரையீரல் காசநோயை. பச்சைக் குழந்தைக்கு ஊசி போடுவது முக்கியமாக மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய்க்கும், உடம்பெங்கும் பரவுகிற வகைக்கும் எதிராக. அவற்றுக்கு வேறு ஆய்வுகள் இருக்கின்றன. 2006இல் லான்செட் இதழில் ட்ரன்ஸ், ஃபைன், டை மூவரும் அவற்றைத் தொகுத்துப் பார்த்ததில் முதலாவதற்கு 73%, இரண்டாவதற்கு 77% பாதுகாப்பு. இடைவெளியின் கீழ் எல்லைகள் 67, 58. பூஜ்யம் பக்கத்திலேயே இல்லை. செங்கல்பட்டு ஆய்வு கேட்காத கேள்விக்கு அதன் பதிலை ஒட்டவைப்பது முதல் வகையுமில்லை, இரண்டாம் வகையுமில்லை. 

அறிக்கை மேல் எனக்கு ஒரே ஒரு வருத்தம். குழந்தைகள் பகுதியின் திறன் எவ்வளவு என்று சுருக்கத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கலாம். பெரும்பாலானவர்கள் படிப்பது அதை மட்டும்தானே.

சித்தப்பாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "பெரியவங்களுக்கு வர நுரையீரல் டிபியத் தடுக்கலங்கறது நெசம் சித்தப்பா. குழந்தைக்கு மூளைக்குப் போற டிபிக்குத்தான் இந்த ஊசி, அதுக்கு நல்லாவே வேலை செய்யுது. டாக்டர் சொன்ன அன்னிக்குப் போட்டுடுங்க" என்றேன். போட்டுவிட்டார்கள். இடது கையில் சின்னதாகக் கொப்புளம் வந்திருக்கிறது, இது சரிதானா என்று நேற்று போட்டோ அனுப்பியிருக்கிறார்.