அம்மா கையில் ஓர் அட்டை

நைஜீரியாவின் இமெசி-இலே கிராமத்தில், 1950களின் பிற்பகுதியில், ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் டேவிட் மோர்லி பயன்படுத்திய எடை அட்டையை ஒரு கருவி என்பதே மிகை. மடித்த அட்டைதான். குழந்தையின் எடை பார்க்கும்போதெல்லாம் ஒரு புள்ளி; புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. புள்ளி எங்கே நிற்கிறது என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். ஏறினால் நிம்மதி. ஏறாமல் படுத்தே கிடந்தால், பிள்ளை மெலிவது கண்ணுக்குத் தெரியும் முன்பே, வெறும் மக்காச்சோளக் கஞ்சிதானா, பயறும் சேர்கிறதா என்று விசாரித்துவிடலாம். எழுத்தறியாத தாய்க்கும் இது புரியும்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அட்டையை மருத்துவமனை அலமாரியில் பூட்டாமல் தாயிடமே கொடுத்தார் மோர்லி. (எந்த அலுவலகம் லேசில் சம்மதிக்கும்?) தாய்மார்கள் பத்திரமாகவே வைத்திருந்தார்கள். நம் அங்கன்வாடிகளிலும் வளர்ச்சி அட்டை உண்டு. உங்கள் பிள்ளையின் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுப் பாருங்கள்.