கொழுந்து கொய்பவளின் முகம்

பதுளை, அப்புத்தளைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் எடுக்கப்படும் நிழற்படங்கள் பலவற்றில் மலை தெளிவாயிருக்க, கொழுந்து கொய்பவளின் முகம் இருண்டு கிடக்கும். உச்சி வெயிலிற் படமெடுப்பதே காரணம். தலைத்துண்டின் நிழல் கண்களை மறைத்துவிடுகின்றது.

இக்குறை பழையது. 1877ஆம் ஆண்டளவில் களுத்துறையில் யூலியா மாகரெட் கமரன் அம்மையார், ஓவியர் மரியான் நோர்த்தைத் தென்னோலைகளிடையே நிறுத்திப் படமெடுத்தார். நண்பகற் கதிர் ஓலையிடையே புகுந்து கண்ணை உறுத்த, இயல்பாக நிற்குமாறு தாம் பணிக்கப்பட்டதை நோர்த் தம் வாழ்க்கை நினைவுகளில் எள்ளி எழுதியுள்ளார். படத்துக்கு நின்றவர் கருத்தை நாம் அறிய வாய்த்தது அரிது. தேயிலை நிரையில் நிற்பவளை அவ்வாறு கேட்டாரும் அரியர்.

காலை இளவெயிலிலோ மேகம் பரந்த பொழுதிலோ படமெடுத்தல் நன்று. முகம் திறந்த வானத்தை நோக்குக. கருவி அவள் கண்மட்டத்துக்கு இறங்குக. மேட்டிலிருந்து எடுத்தால் அது கங்காணியின் நோக்காகிவிடும். பின்னணி மலை மங்கினால் மங்கட்டும். நெடுநேரம் நிறுத்துதல் மட்டும் தகாது. கொழுந்தின் நிறை குறைந்தால் அவளுக்கு 'அரைப்பேர்' தான். நாள்வேலைப் பதிவைத் தோட்டத்தார் 'பேர்' என்றே வழங்குவர். செக்ரோலில் நாள்தோறும் ஏறும் அப்பெயர் படத்தின் கீழே காணப்படுவதில்லை. அவள் இசைந்தால் அதனை எழுதுக. படத்தின் பிரதியொன்றையும் அவளுக்கு அனுப்புக.