பாலையும் மதிலும்

வழக்காறு வானத்தினின்றும் இறங்கியதன்று. உடைமையே அதன் வேர். ஸ்பானியக் கவிஞர் லோர்க்கா 1936 ஜூனில் எழுதி முடித்த ‘பெர்னார்தா ஆல்பாவின் வீடு’ என்னும் நாடகம் இவ்வுண்மையை ஐயந்திரிபறக் காட்டுகிறது. கணவனை இழந்த பெர்னார்தா, அந்நாட்டு மரபைக் காட்டி, எட்டாண்டுத் துக்கம் விதித்து ஐந்து புதல்வியரையும் வீட்டினுள் அடைக்கிறாள். ஊர் இளைஞனோ 39 வயதான மூத்தவளையே மணம் பேசுகிறான். காதலன்று, அவள் தந்தை விட்டுச்சென்ற பெருஞ்சொத்தே காரணம். அவனை விரும்பிய இளையவள் அதேலா தூக்கிட்டு மாண்டபோதும், தாய் அஞ்சுவது ஊர்வாய்க்கே.

1978இல் தோன்றிய அவைக்காற்றுக் கலைக் கழகம் இதனை ‘ஒரு பாலை வீடு’ என நம் மேடைக்குக் கொணர்ந்தது. அழகிய பெயர், ஆயினும் முற்றும் பொருந்துமா? முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாவது வேனிலின் வெம்மையால். பெர்னார்தாவின் மதிலோ மனிதர் கட்டியது. மழை பெய்தால் பாலை தளிர்க்கும். மதிலை இடித்தே ஆகவேண்டும்.

அயல்நாட்டு விநோதமென இதனை ஒதுக்குவோர் நமது சீதன வழக்கை நோக்குக; 2009இல் முடிந்த போரிலே கணவரை இழந்த வன்னிப் பெண்களை மங்கலச் சடங்குகளினின்றும் விலக்கும் கொடுமையையும் நோக்குக.

லோர்க்கா இந்நாடகம் மேடையேறக் கண்டாரல்லர். 1936 ஆகஸ்டில் கிரனாடாவருகே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடக இறுதியில் பெர்னார்தா அனைவரையும் வாய்மூடப் பணிக்கிறாள். நம் எழுத்தாளர் அப்பணிப்புக்குக் கீழ்ப்படிதல் தகுமா?