சங்கப் பாடல்களில் ஆடவர் இழப்பு

ஆண் மேலாண்மை நிலவும் சமுதாயத்தில் ஆணும் இழப்புக்கு உள்ளாகின்றானா என்னும் வினா பெண்ணியத் திறனாய்வு தமிழில் வேரூன்றிய காலந்தொட்டு அவ்வப்போது எழுப்பப்பட்டு வருகின்றது. எழுப்புவோருள் ஒரு சாரார் பெண்ணுக்கு நேர்ந்த தீங்கைக் குறைத்துக் காட்டும் பொருட்டே அதனை எழுப்புகின்றனர். அக்காரணம் பற்றியே மறுசாரார் வினாவையே புறந்தள்ளுகின்றனர். இவ்விரு போக்காலும் சங்கப் பாடல்கள் சில உரிய கவனம் பெறாது போயின. ஆடவன் கடமையைப் பெருமையாகப் பாடிய தொகைநூல்களே அக்கடமை அவனை என்ன செய்கின்றது என்பதையும் பதிவு செய்துள்ளன.

பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாடல் யாவரும் அறிந்தது. தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர்க்குரிய பொறுப்புகளைக் கூறியபின், களிற்றை வீழ்த்தி மீளுதல் இளைஞனின் பொறுப்பு என்கின்றது அப்பாடல். வேந்தன் நல்குவதாகக் கூறப்படும் ‘நன்னடை’ என்பதற்குத் ‘தண்ணடை’ எனவும் பாடம் உண்டு. தண்ணடையாவது மருதநிலத்து ஊர். அப்பாடத்தைக் கொண்டால் வேந்தன் தருவது ஒழுக்கம் அன்று. போருக்கான ஊதியம் ஆகின்றது. எப்பாடத்தைக் கொள்ளினும் ஒன்று மாறவில்லை: ஒருவனைப் போருக்கு உரியவனாக ஆக்குதற்கு நால்வர் உழைக்கின்றனர், அவன் விருப்பத்தை எவரும் வினவவில்லை. பாடலில் பேசுபவள் தாய். மகனுக்குப் பேச்சு இல்லை. எனினும் அவனிடம் வேண்டப்படுவது வென்று மீளுதலே, இறப்பு அன்று. இவ்வேறுபாட்டைப் பலர் கருதுவதில்லை.

காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடலில் (புறம். 278) அந்த மீட்சியும் இல்லை. மகன் புறங்கொடுத்தான் எனக் கேட்ட முதியவள், அது மெய்யாயின் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் எனச் சினந்து வாளோடு களம் புகுகின்றாள். சிதைந்து கிடந்த அவன் உடலைக் கண்டு, பெற்ற நாளினும் பெரிதும் உவக்கின்றாள். ‘வீரத்தாய்’ என்னும் ஒரு சொல்லால் இப்பாடலைக் கடந்துவிடுவது தமிழ்த் திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. உண்மையில் இங்குத் தீர்ப்புக்கு உள்ளாவோர் இருவர். மகன் முதுகில் புண்பட்டிருப்பின் தண்டனை தாயின் உடலுக்கும் உரியதாகின்றது. ஆண்மையின் விதியைக் காவல் செய்பவளாக அவள் நிற்கின்றாள். அவ்விதியை வகுத்தவள் அவள் அல்லள். எனவே ஆணை ஒடுக்குவது பெண்ணே என்பார்க்கு இப்பாடல் சான்றாகாது.

ஒக்கூர் மாசாத்தியாரின் பாடல் (புறம். 279) இதனினும் நுட்பமானது. முன்னைய போரில் ‘தன்னை’ இறந்தான் (இச்சொல்லுக்குத் தந்தை எனவும் தமையன் எனவும் பொருள் கொள்வர்). நேற்றைய போரில் கணவன் நிரையைக் காக்கப் போய் மடிந்தான். இன்று பறை கேட்டதும் இருக்கும் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, குடுமிக்கு எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து விடுக்கின்றாள். தாய் தலைவாரி விடும் பருவத்தினன் அவன். இப்பாடல் தாயின் கூற்று அன்று, கண்டோர் கூற்று. அவர் முதலிற் கூறுவது அவள் எண்ணம் கெடுக என்பதே. இதனைப் பழிப்பது போன்ற புகழ்ச்சியாகக் கொள்ளும் வழக்கம் பெரிது. புறநானூற்றுப் பழையவுரை 266ஆம் பாடலோடு நின்றுவிட்டமையால் இவ்விடத்து அதன் துணை இல்லை. சொல்லை உள்ளவாறே கொண்டால் அது ஒரு சாபம். அதில் அச்சமும் உண்டு. புகழ்ச்சி மட்டுமே எனக் கொள்வது பாடலை எளிமைப்படுத்துவதாகும்.

ஆடவன் இழப்பு மெய்யே. ஆயின் அவ்விழப்பு அவனோடு முடிவதில்லை. கணவன் மடிந்தபின் மனைவிக்கு எஞ்சுவதைப் பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தம் பாடலில் (புறம். 246) எண்ணிக் காட்டுகின்றார்: நெய்யில்லாச் சோறு, வேளைக்கீரை, பாயில்லாப் பருக்கைக்கல் படுக்கை. இவற்றினும் ஈமத்தீ தமக்கு இனிது என்று, தடுத்த சான்றோரிடம் கூறுகின்றார். இறந்த ஆடவனுக்கோ பாட்டும் நடுகல்லும் உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகல் ஒன்று ஆகோளில் இறந்த ஒருவன் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. கைம்மை நோற்றவளுக்குக் கல் இல்லை. ஆகவே இருபாலார் இழப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் பொருந்தாது.

ஆடவருள்ளும் இழப்பு ஒருபடித்தன்று. வெண்ணிப் போரில் புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். கழாத்தலையார் அவனைப் பாடினார் (புறம். 65). வெண்ணிக் குயத்தியாரோ வென்ற கரிகாலனை நோக்கியே, உன்னினும் அவன் நல்லன் அல்லனோ என வினவினார் (புறம். 66). வேந்தனின் நாணம் புகழாக மாறியது. புறங்கொடுத்த எளிய மறவனுக்கு அத்தகைய பாட்டு இல்லை. தாயின் சினமே உண்டு.

அகப்பாடல்களில் நிலை வேறு. ஆங்குப் பறையும் வேந்தனும் தாயும் இல்லாத இடத்தும் விதி செயற்படுகின்றது. ஆடவர்க்குத் தொழிலே உயிர் என்னும் கருத்தைப் பாலை பாடிய பெருங்கடுங்கோ தலைவன் வாய்மொழியாகவே தருகின்றார் (குறுந். 135). அதனைச் சொன்னவரே அவர்தாம், ஆகவே அழாதே, செல்லமாட்டார் என அச்சொல்லையே தலைவிக்கு ஆறுதலாகத் திருப்பிவிடுகின்றாள் தோழி. நற்றிணை 284ஆம் பாடலில் தலைவன் தானே பேசுகின்றான். அவளிடம் திரும்பு என்கின்றது நெஞ்சம். வினையை இடையில் விடுதல் இளிவு தரும் என்கின்றது அறிவு. இரண்டு களிறுகள் இருபுறமும் பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறு போல அவன் உடல் அறுந்துபோகும் நிலையில் உள்ளது. இளிவுக்கு அஞ்சும் குரலுக்குப் புலவர் இட்ட பெயர் அறிவு என்பது நோக்கத்தக்கது. ஊர் கூறுவதைத் தன் அறிவு கூறுவதாகவே அவன் கேட்கின்றான். அதனால் அதனோடு வழக்காடவும் அவனால் இயலவில்லை. ஆடவன் இழப்பை ஆராயப் புகுவோர் களத்தில் கிடக்கும் உடலினும் இக்கயிற்றையே முதலில் நோக்குதல் வேண்டும். உடல் அழிந்துவிடுமோ என்னும் ஐயத்தோடு பாடல் நின்றுவிடுகின்றது. அவன் திரும்பினானா என்பது கூறப்படவில்லை.