அச்சொட்டு என்பது பாராட்டல்ல

மண்ணால் ஒரு தோற்பை செய்து வைக்கப்பட்டிருக்கிறது. பார்ப்பவர் "அச்சொட்டாக அப்படியே இருக்கிறதே" என்று வியக்கிறார். விமர்சனம் அத்தோடு முடிந்துவிடுகிறது. எமது புகலிடச் சூழலில் சிற்பம் பற்றிய பேச்சு எழுவதே அபூர்வம். எழுகின்ற வேளையிலும் அது இந்த ஒற்றை வாக்கியத்தைத் தாண்டுவதில்லை. அன்றாடப் பாவனைப் பொருட்களின் உருவில் கையால் செய்யப்படும் மண், பீங்கான் சிற்பங்கள் சிலவற்றை முன்வைத்து இந்த வாக்கியத்தை மறுத்துரைக்க விரும்புகிறோம்.

நாம் கலை வரலாறு கற்றவர்களல்ல. பல்கலைக்கழகப் படிப்பை இடைநடுவில் விட்டு வந்து, உணவகங்களின் பின்கட்டில் கோப்பை கழுவுகிறவர்கள். ஆனால் பீங்கானோடு எமக்குள்ள பரிச்சயம் கலைக்கூடத்துக்கு வந்துபோகிறவர்களுக்குக் கிடைக்காதது. ஊரில் சாப்பாட்டுத் தட்டையே நாம் 'பீங்கான்' என்றுதான் சொன்னோம். இங்கு ஒரே இரவில் நூற்றுக்கணக்கான பீங்கான்கள் எமது கைகளினூடாகப் போகின்றன. மயிரிழை வெடிப்பு விழுந்த தட்டை அதன் ஒலியிலேயே அறிவோம். கத்திகள் உரசி விட்டுப்போன சாம்பல் நிறக் கோடுகள் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகமாட்டா என்பதும் தெரியும். தட்டைக் கவிழ்த்தால் அடியில் கம்பனியின் பெயர் இருக்கும். செய்த கையின் அடையாளம் எதுவும் இராது. நாம் நின்று பார்க்கும் இடம் இதுதான்.

முதலில் 'அச்சொட்டு' என்பதையே எடுத்துக்கொள்வோம். ஈரக் களிமண் உலரும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்குகிறது. பல மண் வகைகளில் இது பத்து வீதத்தையும் தாண்டும். ஆகவே சரியான அளவில் ஒரு சப்பாத்து வேண்டுமென்றால் அதைவிடப் பெரிய சப்பாத்தைச் செய்யவேண்டும். தடித்த மண்ணினுள் ஈரம் மிஞ்சியிருந்தால் சூளையில் அது நீராவியாகி வெடிக்கும். ஆகவே கனமான புத்தகம்போலத் தெரிகிற சிற்பம் பெரும்பாலும் உள்ளே கோறையாக இருக்கும். அதாவது, அசலைப்போல இருப்பதற்காகச் சிற்பி அசலிலிருந்து விலகியாக வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்ற தெரிவு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நாம் விமர்சிக்க வேண்டியது அந்தத் தெரிவைத்தான்.

ஒரு பழைய உதாரணம். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் பொல் ஹனோங்கின் தொழிற்சாலை கோவா வடிவில் சூப்புப் பாத்திரங்களைச் செய்தது. இலையின் நரம்பு, விளிம்பின் சுருள், பச்சையின் ஏற்ற இறக்கம் யாவும் இருக்கின்றன. பிரபுக்களின் மேசையில் இருக்கும் கோவாவின் தலையைத் தூக்கினால் உள்ளே சூப்பு. விருந்தினர் சிரிப்பார்கள். ஆனால் கோவாவை நறுக்குகிறவர்களாகிய நாம் அதில் தேடுவது வேறு. புழு தின்ற இலை இல்லை. மண் ஒட்டிய அடித்தண்டு இல்லை. வெட்டிய கத்தியின் தடம் இல்லை. விளைவித்தவனும் சமைத்தவளும் வெளியே போன பிறகு எஞ்சிய கோவா அது. திறமை மிக்க வேலைதான், மறுக்கவில்லை. ஆயினும் அச்சொட்டு என்ற பாராட்டு மிகச் சரியாகப் பொருந்துவதும் இதற்குத்தான்.

கனடாவில் 1935இல் பிறந்து 2005இல் மறைந்த மரிலின் லெவினை இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்தலாம். இரசாயனவியல் படித்தவர். றெஜைனாவில் மட்பாண்டக் கலைக்கு வந்து, பின்னர் கலிபோர்னியாவில் பணியாற்றியவர். சூட்கேஸ், கைப்பை, தோல் ஜக்கற், பூட்ஸ் ஆகியவற்றை மண்ணில் செய்தார். மண்ணோடு நைலோன் இழைகளைக் கலந்து பலப்படுத்தி, தகடாக உருட்டி, தோலை வெட்டி இணைப்பதைப் போலவே வெட்டி இணைத்தார். சூளையில் இழை எரிந்துபோக, வடிவம் நிலைக்கும்.

லெவின் தெரிந்தெடுத்தவை புதிய பொருட்களல்ல. கைபிடி கறுத்துப்போன பை, முழங்கை மடிந்து மடிந்து கோடு விழுந்த ஜக்கற், மூலை தேய்ந்த பெட்டி. சொந்தக்காரர் அங்கில்லை. அவர் எந்தக் கையால் தூக்கினார், எங்கே இறுக்கினார் என்பது மட்டும் இருக்கிறது. ஒரே ஒரு பெட்டியோடு எல்லைகளைக் கடந்த எமக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்தப் பெட்டிகளை நாம் எறிந்துவிட்டோம், அல்லது கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டோம். லெவினின் பெட்டியைத் திறக்கமுடியாது, எதையும் வைக்கமுடியாது. பாவனை போய்விட, பாவித்த தடம் மட்டும் கல்லாகி நிற்கிறது. மண்ணால் செய்தல் என்ற செயலுக்கு ஒரு நியாயம் இங்கே கிடைக்கிறது.

ஜப்பானில் ஒசாக்காவைச் சேர்ந்த கிமியோ மிஷிமா (1932-2024) இன்னொரு திசையில் போனார். ஓவியராகத் தொடங்கி 1970களின் ஆரம்பத்தில் மண்ணுக்கு வந்தவர். மெல்லிய மண் தகட்டில் பட்டுத்திரை அச்சு முறையால் பத்திரிகைப் பக்கங்களைப் பதித்து, கசக்கிய தாளாக, கட்டிய கட்டாகச் செய்தார். பழப்பெட்டிகளும் குடித்தெறிந்த தகரங்களும் அவ்வாறே. அன்று முக்கியமான செய்தி நாளை மீன் சுற்றும் தாள். அதைச் சூளையில் வைத்து அழியாததாக்குகிறார்; அதே கணத்தில் கைதவறினால் நொறுங்குவதாகவும் ஆக்கிவிடுகிறார். கிழமைக் கணக்கில் பிந்தி வந்த ஊர்ப் பத்திரிகையைக் கைமாற்றி வாசித்த சமூகம் நாம். மரணச் செய்தி பழந்தாளாகும் வேகத்தையும் கண்டவர்கள். மிஷிமாவின் பத்திரிகை எமக்கு வேடிக்கைப் பொருளாக இருக்கமுடியாது.

கடைசியாக, அதிகம் பேசப்பட்டதும் எம்மை அதிகம் சங்கடப்படுத்துவதுமான படைப்பு. 2010 ஒக்டோபரில் லண்டன் ரேற் மொடேர்ண் கலைக்கூடத்தின் ரேர்பைன் மண்டபத்தில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 'சூரியகாந்தி விதைகள்' என்ற படைப்பை வைத்தார். சுமார் 10 கோடி பீங்கான் விதைகள், 150 தொன் எடை. சீனாவின் பழம்பெரும் பீங்கான் நகரமான ஜிங்டெஷெனில் ஏறக்குறைய 1,600 பேர் இரண்டரை வருடங்கள் உழைத்துச் செய்தவை. ஒவ்வொரு விதையிலும் கையால் இழுத்த சில தூரிகைக் கோடுகள். மாஓ காலச் சித்திரங்களில் தலைவர் சூரியன், மக்கள் அவரை நோக்கித் திரும்பும் சூரியகாந்திகள். வறுமையில் பகிர்ந்து கொறித்ததும் அதே விதை. கவிஞரான தந்தையோடு சிஞ்சியாங்கில் நாடுகடத்தப்பட்டு வளர்ந்தவர் ஐ வெய்வெய். 2011இல் சீன அரசு அவரை 81 நாட்கள் தடுத்து வைத்தது.

இத்தனையையும் மதித்துக்கொண்டே கேட்கிறோம்: அந்த 1,600 பேரின் இடம் எது? பார்வையாளர்கள் விதைகள்மேல் நடக்கலாம் என்றுதான் முதலில் விட்டார்கள். எழுந்த பீங்கான் தூசு உடலுக்குக் கூடாதென்று சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. சரியான முடிவுதான். ஆனால் பீங்கான் தூசு நுரையீரலைத் தின்னும் என்பது மட்பாண்டத் தொழிலாளரின் பழைய அறிவு. இங்கிலாந்தின் பீங்கான் தொழிலாளர் அந்த நோயோடு தலைமுறைகளாக வாழ்ந்திருக்கிறார்கள். தூசு கலைக்கூடத்தில் எழுந்தபோது அது உலகச் செய்தியாயிற்று. 2011 பெப்ரவரியில் லண்டன் ஏலத்தில் 100 கிலோ விதைகள் சுமார் மூன்றரை இலட்சம் பவுண்களுக்கு விலைபோயின. ஏலத்தில் ஒலித்த பெயர் ஒன்றே ஒன்று.

அதற்காக இப்படைப்பை நிராகரிக்கவில்லை. வேலை நடந்த விதத்தைக் காட்டும் படமொன்றும் மண்டபத்தில் காட்டப்பட்டது. இக்கேள்வியை நாம் கேட்கும்படி செய்ததே அந்த விதைகள்தான். கோவாப் பாத்திரம் அப்படி எதையும் கேட்கவைக்கவில்லை. சாம்பல் குவியலாகத் தெரிந்தது கிட்டப் போனால் ஒன்றைப்போல் ஒன்றில்லாத விதைகளாகப் பிரிகிறது. சமையலறையின் பின்கட்டில் 'ஆட்கள்' என்ற ஒற்றைச் சொல்லாக இருப்பவர்களுக்கு அந்தப் பிரிகை பெரிய விஷயம்.

இனி எமது வீட்டுக்கு வருவோம். புகலிட விழா மண்டபங்களில் அம்மி, உரல், திருவலை, குத்துவிளக்கு மாதிரிகளை மண்ணிலும் பரிசுச்சாந்திலும் செய்து வைக்கிறோம். பிள்ளைகளுக்கு ஊரைக் காட்டுகிறோம் என்கிறோம். நல்ல நோக்கம். ஆனால் அந்த அம்மியின் நடு தேயவில்லை. அரைத்து அரைத்துத் தேய்த்த அம்மாமாரின் கைகளும், தேய்ந்ததை உளியால் கொத்திக் கொடுத்தவரின் கைகளும் அதில் இல்லை. பானையை வைக்கிறோம், வனைந்தவரைப் பற்றி நாம் வாசித்த ஊர் நினைவுக் கட்டுரைகளில் ஒரு வரி கிடைப்பதும் அரிது. யார் எந்த வாசலோடு நிறுத்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்து மினுக்கித் துடைத்துவிடுகிறோம். மிஞ்சுவது எமது சொந்தக் கோவாப் பாத்திரம்.

எம்மிடையே மண்ணில் கைவைக்கும் இளையவர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது சிறிய விஷயம். திருவலை செய்வதென்றால் பல் மழுங்கிய திருவலையைச் செய்யுங்கள். பலகையில் குந்தியிருந்தவரின் பாரம் பதிந்த பள்ளத்தையும் சேர்த்து. அது பார்வைக்கு அவ்வளவு அழகாக இராமற் போகலாம். ஆனால் பிள்ளைகள் "இது ஏன் இப்படித் தேய்ந்திருக்கு?" என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள்.